கடற்கரை மக்களின் முறையீடும் நம் கடமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், சில நிமிடங்கள் உரையாற்றுமாறு நம்மைப் பணித்திருக்கின்றார்கள். வழக்கமாகத் தொழுகையின் சிறப்பு, கல்வியின் அவசியம் போன்ற தலைப்புகளில் பேசுவது உண்டு. இன்று சற்று வேறான ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். கடலோரத்து ஊர்களில் பெரும் முதலீட்டில் ஒரு தொழில் வந்து இறங்கும்போது, அவ்வூர் மக்கள் அதனை எதிர்த்து நிற்பது ஏன், அவர்களின் முறையீட்டில் நியாயம் உண்டா, அதில் நமக்கு ஏதேனும் பாடம் உண்டா என்பதே அந்த விஷயம்.

"நாமோ ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள். சிதம்பரத்தைத் தாண்டிச் சென்றால்தான் கடலைக் காண முடியும். கடற்கரைக்காரர்களின் வழக்கு நமக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். நம் வட்டாரத்து வெள்ளாறு ஓடிச்சென்று கடலில் கலப்பது பரங்கிப்பேட்டையில்தான். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று நம்மூர் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, கிள்ளை தைக்கால் முஸ்லிம்கள் எதிர்கொண்டு வரவேற்று மரியாதை செய்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஊரில் உள்ள இந்துச் சகோதரர்களும் நாமும் இதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். ஆகவே, அந்தக் கரையில் வாழ்வோர் நமக்கு அந்நியர் அல்லர். அவர்கள் குடிக்கும் தண்ணீர் உப்பாகிப்போனால், அந்தச் செய்தி நம் காதிலும் விழத்தான் வேண்டும்.

கரையில் நடந்தது என்ன?

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் கிழக்குக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகத் தொடங்கின. அன்று தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் எனப்பட்ட நம் மாவட்டத்திலும், அன்று காயிதே மில்லத் அவர்களின் பெயரைத் தாங்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்திலும், பெரும் நிறுவனங்கள் கடலோர நிலங்களை மொத்தம் மொத்தமாக வாங்கின. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறாலுக்கு நல்ல விலை இருந்தது. அந்நியச் செலாவணி வரும், வேலை வாய்ப்புப் பெருகும் என்று சொல்லப்பட்டது.

இறால் வளர்ப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. கேரளத்தில் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், அறுவடைக்குப் பின் உவர்நீர் ஏறும் காலத்தில் இறாலுமாக மாற்றி மாற்றி விளைவிப்பார்கள். வங்காளத்திலும் இத்தகைய முறை உண்டு. அலை கொண்டுவரும் குஞ்சுகளே அங்கு வளரும். விலைக்கு வாங்கிய தீவனமும் இல்லை, மருந்தும் இல்லை. புதிதாக வந்த முறையோ முற்றிலும் வேறானது. நிலத்தைத் தோண்டிக் கரை எழுப்பிக் குட்டைகள் அமைத்தார்கள். பெரிய மோட்டார்களைக் கொண்டு கடல் நீரை இறைத்து நிரப்பினார்கள். இறாலை நெருக்கமாக விட்டு, தீவனமும் மருந்தும் இட்டு வளர்த்தார்கள். அழுக்கேறிய நீரை அருகிலிருந்த வாய்க்காலிலும் ஓடையிலும் திறந்துவிட்டார்கள்.

மாதக்கணக்கில் தேங்கி நின்ற உப்புநீர் கரையோடு நின்றுவிடவில்லை. அது மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்து வயலுக்குச் சென்றது, பக்கத்துக் கிணற்றுக்கும் சென்றது. அதுவரை குடிப்பதற்கு உதவிய கிணறுகள் உவர்த்துப்போயின. பெண்கள் குடத்தைச் சுமந்துகொண்டு வெகுதூரம் நடக்க நேர்ந்தது. வேலிகளும் கரைகளும் குறுக்கே எழுந்ததால், மீனவர்கள் காலம் காலமாகக் கடலுக்குச் சென்றுவந்த வழி அடைபட்டது. வடிகால் மறிக்கப்பட்ட இடங்களில் மழை வெள்ளம் ஊருக்குள் தேங்கியது.

இதில் மிகவும் நலிந்தவர்கள் நிலமற்ற விவசாயக் கூலிகள். நெல் வயல் என்றால் நாற்று நட, களை எடுக்க, அறுக்க, கட்டுக் கட்ட, போரடிக்கப் பல கைகள் வேண்டும். அதே நிலம் இறால் குட்டையாகிவிட்டால் தீவனம் இடவும் காவல் காக்கவும் சிலர் போதும். நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது. அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்து உலை வைத்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. விற்பனைப் பத்திரத்தில் அவருடைய பெயர் இல்லை. ஆனால் நஷ்டம் அவருடைய வீட்டில் இருந்தது.

முறையீடு செய்தவர்கள்

இம்மக்களின் சார்பில் நின்றவர்களில் முதன்மையானவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் அவர்கள். வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து ஏழைகளுக்கு நிலம் கேட்டவர். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் அவர்கள். இத்தம்பதியர் 1981இல் லாஃப்டி என்னும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, கீழத் தஞ்சைப் பகுதியில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் கிடைக்கச் செய்தவர்கள். அப்படிப் பாடுபட்டுப் பெற்ற நிலங்களுக்குப் பக்கத்திலேயே உப்புநீர்க் குட்டைகள் எழுந்தபோது, ஜெகந்நாதன் அவர்களுக்கு ஏறக்குறைய எண்பது வயது. ஓய்ந்திருக்க வேண்டிய அந்த வயதில் அவர் கூலிப் பெண்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து சத்தியாகிரகம் செய்தார். 1994இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்களை நேரில் சென்று பார்த்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் பணித்தது. குடிநீர் உவர்த்ததும், விளைநிலம் கெட்டதும், அலையாத்திக் காடுகள் அழிந்ததும் உண்மையே என்று அவர்கள் அறிக்கை அளித்தார்கள். இத்தொழிலால் வந்த வருமானத்தைவிட மக்களுக்கும் இயற்கைக்கும் நேர்ந்த இழப்பே அதிகம் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். படிப்பறியாத மக்கள் வெறுமனே கூச்சலிடுகின்றார்கள் என்று சொல்லப்பட்டு வந்த பேச்சுக்கு அந்த அறிக்கை விடையாக அமைந்தது.

தீர்ப்பும் அதன் பின்னரும்

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். 1991 பிப்ரவரி 19ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலத்தில் புதிய தொழிற்சாலைகளைத் தடுத்திருந்தது. கடல்முகத்தில் அமைந்தே தீர வேண்டிய தொழில்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இறால் பண்ணை அத்தகைய தொழிலாகாது என்று நீதிபதிகள் கூறினார்கள். அம்மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் அலையாத்திக் காட்டையும் கிராமப் பொது நிலத்தையும் குட்டைகளாக மாற்றக் கூடாது, கேடு செய்தவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பண்ணைகள் மூடப்படுவதால் வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பில் இருந்தது. ஒரு சாராரின் துன்பத்தை நீக்கும்போது மற்றொரு சாராரைப் பட்டினியில் விட்டுவிடக் கூடாது என்ற அந்தக் கவனத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மக்கள் வென்றுவிட்டார்கள் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் மறு ஆய்வு மனுக்கள் வந்தன. பண்ணைகளை அகற்றும் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆண்டுகள் கடந்தன. 2005இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. 1991 அறிவிக்கையின் தடை இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தாது என்று, அந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே செல்லும்படியாக, இச்சட்டம் மாற்றியமைத்தது. புதிய பண்ணைகளுக்கு 500 மீட்டர் என்பது 200 மீட்டர் ஆயிற்று. ஏற்கெனவே இருந்தவற்றுக்கு அதிலும் விலக்குக் கிடைத்தது. 2023இல் இச்சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது, சட்டத்தை மீறுவோருக்கு முன்பிருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் வைக்கப்பட்டது.

எனினும் அம்மக்களின் பாடு வீண்போயிற்று என்று நாம் சொல்ல மாட்டோம். முன்பு கேள்வியே இல்லாமல் நடந்த தொழிலுக்குப் பதிவு வேண்டும் என்ற நிலை வந்தது. 2005ஆம் ஆண்டின் விதிகள், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டரும், 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டரும் தள்ளியே பண்ணை அமைய வேண்டும் என்றன. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்றன. மீனவரும் கூலிப் பெண்களும் கேட்டிராவிட்டால் இந்த அளவுகூட ஏட்டில் ஏறியிருக்காது. ஏட்டில் ஏறியது நாட்டில் நடக்கின்றதா என்று பார்ப்பவர் அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும். 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருது ஜெகந்நாதன் தம்பதியரைத் தேடி வந்தது. 2013 பிப்ரவரியில் அவர் காலமானார். தீர்ப்பு வந்த நாளில் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே அவர் காலத்து நிகழ்ச்சிகள் நமக்குச் சொல்லும் முதற்பாடம்.

"என் நிலம், என் இஷ்டம்" என்னும் வாதம்

பெரியோர்களே! இத்தகைய வழக்குகளில் எப்போதும் எழும் வாதம் ஒன்று உண்டு. "விலை கொடுத்து வாங்கிய நிலம். அதில் நான் என்ன செய்தால் மற்றவருக்கு என்ன?" என்பதே அது. நம் மார்க்கம் சொத்துரிமையை மதிக்கின்றது. ஒரு சாண் நிலத்தையும் அநியாயமாகப் பறிப்பதைக் கடுமையாகத் தடுக்கின்றது. ஆனால் சொத்துரிமைக்கு எல்லை இல்லை என்று அது சொல்லவில்லை.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறிய கப்பல் உவமையை நீங்கள் அறிவீர்கள். ஒரே கப்பலில் மேல் தட்டில் சிலரும் கீழ்த் தட்டில் சிலரும் பயணம் செய்கின்றார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி வருவதைத் தவிர்க்கத் தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்ள நினைக்கின்றார்கள். இடம் அவர்களுடையதுதான். ஆயினும் மற்றவர்கள் கையைப் பிடித்துத் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கடலோரத்து நிலமும் அத்தகையதே. மேலே வரப்பு உண்டு, பட்டா உண்டு. பூமிக்கு அடியில் ஓடும் நீருக்கு வரப்பும் இல்லை, பட்டாவும் இல்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்றொரு பாடம் உண்டு. தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரம் அக்கிணற்றுக்கு உரிய காப்பு எல்லையாகும். அதற்குள் வேறொருவர் கிணறு தோண்டவோ நீரைக் கெடுக்கும் எதையும் செய்யவோ உரிமை இல்லை. கால்நடைகளுக்கு நீர் தரும் கிணற்றுக்கு நாற்பது முழம், ஊற்றுக்கு ஐந்நூறு முழம் என்று ஹனஃபி சட்ட மேதைகள் வரையறுத்தார்கள். மதரஸாவில் இப்பாடத்தை ஓதும் இளைஞர்கள், இது பாலைவனத்துப் பழங்காலச் செய்தி என்று புரட்டிச் சென்றுவிடுகின்றார்கள். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் என்று 2005ஆம் ஆண்டின் விதி சொல்வதும், நம் முன்னோர் முழக்கணக்கில் சொன்னதும் ஒரே நியாயத்தைத்தான். தனி ஒருவருக்கு நேரும் இழப்பைச் சகித்துக்கொண்டாயினும் பொதுமக்களுக்கு நேரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்பதும் நம் சட்ட அறிஞர்கள் வகுத்த விதியாகும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

நீதி என்பது இரு தரப்பையும் கேட்பதாகும். இறால் தொழில் முழுவதும் தீமை என்று நாம் கூறவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் 1990களின் நடுவில் பண்ணைகளைத் தாக்கியபோது கடன்பட்டு நொடித்துப்போன சிறு விவசாயிகள் பலர். 2009க்குப் பின் வனாமி என்னும் இறால் வகை அனுமதிக்கப்பட்டதும் தொழில் மீண்டும் தழைத்தது. நம் நாட்டுக் கடலுணவு ஏற்றுமதியில் மிகுந்த வருமானம் தருவது உறைய வைத்த இறாலே. விதிக்கு உட்பட்டு, பக்கத்துக் கிணற்றைக் கெடுக்காமல், கழிவைச் சுத்திகரித்து நடத்துபவரின் வருமானம் அவருடைய உழைப்பின் பலன். அவரைப் பழிப்பது நமக்கு ஆகாது. பண்ணையில் கூலி வேலை செய்பவரும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுபவரே.

எதிர்ப்பவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில் விழிஞ்ஞம் என்னும் கடலோர ஊரில் பெரும் துறைமுகம் கட்டப்பட்டது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. தங்கள் கரை அரித்துச் செல்லப்படுகின்றது, வீடுகள் கடலில் போகின்றன என்று மீனவர்கள் 2022ஆம் ஆண்டில் லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையில் பல மாதங்கள் போராடினார்கள். வீடிழந்து கிடங்குகளில் தங்கியிருந்த குடும்பங்களின் குறை உண்மையானது. ஆனால் அவ்வாண்டு நவம்பர் 27 அன்று காவல் நிலையம் தாக்கப்பட்டது. காவலர்கள் காயமடைந்தார்கள். அந்நாட்களில் ஒரு பாதிரியார், முஸ்லிம் அமைச்சர் ஒருவரின் பெயரையே இழித்துப் பேசி, பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகு நாட்டில் பேச்செல்லாம் கல்லெறிதலையும் அந்தச் சொல்லையும் பற்றியதாகவே இருந்தது. கடல் கொண்டுபோன வீடுகளைப் பற்றிய பேச்சு பின்னால் போயிற்று. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடிந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. கையும் நாவும் வரம்பு மீறினால், நியாயமான வழக்கும் பலவீனமாகும் என்பதற்கு இது சான்று.

உப்புநீர் எவருடைய கிணற்றுக்கும் மதம் கேட்டுச் செல்வதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் தமக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றதை நம் மாவட்டத்தார் கண்டோம். அந்தக் காடும் தன் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்கவில்லை. எனவே இத்தகைய காரியங்களில் ஊரார் அனைவரோடும் சேர்ந்து நிற்பதே சரியான வழி.

நாம் செய்ய வேண்டியவை

நம் ஜமாஅத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிலம் உள்ளவர்கள் இருக்கின்றீர்கள். வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தை முதலீடு செய்ய இடம் தேடுபவர்களும் இருக்கின்றீர்கள். நிலத்தை விற்கும்போதும் குத்தகைக்கு விடும்போதும், ஏதேனும் தொழிலில் பங்கு சேரும்போதும், விலை என்ன, லாபம் எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்நிலத்தில் என்ன வரப்போகின்றது, அதன் கழிவு எங்கே போகும், பக்கத்துக் கிணறு என்னவாகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். வட்டியிலிருந்து விலகியிருப்பதில் நாம் காட்டும் பேணுதலை, அண்டை வீட்டாரின் தண்ணீர் விஷயத்திலும் காட்டுவோம்.

இரண்டாவதாக, சட்டம் தந்திருக்கும் வாசல்களைப் பயன்படுத்துங்கள். பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்கு 30 நாட்கள் முன்னறிவிப்பும் உண்டு. அக்கூட்டத்துக்குச் சென்று, அமைதியாக, ஆதாரத்தோடு பேசிப் பதிவு செய்யுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்து அனுமதி விவரங்களைப் பெறலாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே அவகாசம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். நாள் கடந்தபின் வருந்திப் பயனில்லை. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இத்துறையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.

மூன்றாவதாக, எந்த ஊரில் எவர் இத்தகைய முறையீட்டோடு வந்தாலும், "வளர்ச்சிக்கு எதிரிகள்" என்று உடனே முத்திரை குத்தாதீர்கள். முதலில் அவர்களுடைய கிணற்று நீரை ஒரு வாய் அருந்திப் பாருங்கள். பிறகு பேசுங்கள். பெற்றுத் தந்த உத்தரவு நடைமுறையில் இருக்கின்றதா என்று ஆண்டுதோறும் விசாரித்து அறிவதும் நம் பொறுப்பே. பள்ளிவாசல் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கும் நாம், இதனையும் அவ்வாறே செய்ய இயலும்.

அநீதி இழைப்பவராகவும், அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பவராகவும் நம்மை ஆக்கிவிடாமல் அல்லாஹ் காத்தருள்வானாக! நம் ஊருக்கும் அண்டை ஊர்களுக்கும் இனிய நீரையும், ஹலாலான உணவையும், மக்களிடையே ஒற்றுமையையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.